அந்தப் பூந்தண்டை வெட்டுமுன்: சிங்கப்பூரில் மலைக் குடுவைச் செடி வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் மலைக் குடுவைச் செடி வளர்க்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நம் வாட்சப் குழுவில் அண்மையில் வந்த அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குளிரூட்டிய அறை, ஊதா நிற விளக்கு, நடுவில் ஒரு ராஜா. நெப்பந்திஸ் என்னும் குடுவைச் செடிப் பேரினத்தைச் சேர்ந்த நெப்பந்திஸ் ராஜா, கினபாலு மலைச் செடி. இலைகளின் நடுவிலிருந்து முழ உயரத்துக்குப் பூந்தண்டு எழும்பியிருந்தது, மொட்டுகள் இன்னும் விரியவில்லை. “இதை விட்டுவைத்தால் செடி இளைத்துவிடும், குடுவை சிறுத்துவிடும்” என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலால் அடியில் ஒரே வெட்டு. தண்டு குப்பைப் பைக்குள் போனது. கீழே வரிசையாகக் கட்டைவிரல்களும் கைதட்டல்களும். “நானும் இப்படித்தான்” என்று பலர் எழுதியிருந்தார்கள்.

வெட்டியவரை ஏச இந்த மடலை எழுதவில்லை. நம்மில் பெரும்பாலோர் செய்வதைத்தான் அவரும் செய்தார். வளர்ப்புக் குறிப்புகளும் அதையேதான் சொல்லித் தருகின்றன. ஆனால் அத்தனை பேரில் ஒருவர்கூட “அது ஆணா, பெண்ணா?” என்று கேட்கவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான். அழிவின் விளிம்பில் நிற்கும் ஒரு மலைச் செடியை வீட்டில் வைத்திருக்கிறோம், காப்பாற்றுகிறோம் என்று பெருமையும் பட்டுக்கொள்கிறோம். அதன் குடும்ப வாழ்க்கையைப் பற்றி மட்டும் நமக்கு அக்கறை இல்லை.

குடுவையைப் பூ என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். என் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கும் செடியைப் பார்த்துவிட்டு, மின்தூக்கிக்குக் காத்திருக்கும் ஆன்ட்டிமார் “பூ நல்லா பூத்திருக்கு” என்பார்கள். டெங்கிச் சோதனைக்கு வரும் அதிகாரி அதைத் தண்ணீர் தேங்கும் பாத்திரமாகப் பார்ப்பார், அவர் கவலை அவருக்கு. உண்மையில் அது இலையின் நுனி. நடுநரம்பு நீண்டு கொடியாகி, கொடியின் முனை ஊதி, மூடி போட்டுக்கொண்டு பூச்சி பிடிக்கிறது. நாம் வெள்ளியைக் கொட்டுவதும், படம் பிடிப்பதும், பீற்றிக்கொள்வதும் இந்த இலை நுனிக்குத்தான். பூ வந்தாலோ முகம் சுளிக்கிறோம்.

ராஜாவின் குடுவைக்கு அந்தப் புகழ் தகும்தான், மறுக்கவில்லை. 41 சென்டிமீட்டர் உயரம்வரை பதிவாகியிருக்கிறது, மூன்று லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். மூடியின் உட்புறம் சுரக்கும் தேனை நக்கப் பகலில் மலை மரமூஞ்சூறு வருகிறது. குடுவையின் வாயில் ஏறி உட்கார்ந்து நக்கும்போதே அதற்குள் கழித்துவிட்டும் போகிறது. மண்ணில் கிடைக்காத நைட்ரஜன் செடிக்கு அப்படிக் கிடைக்கிறது. குடுவையின் வாய்க்கும் தேன் சுரக்கும் இடத்துக்கும் உள்ள தூரம் அந்தப் பிராணியின் உடல் அளவோடு பொருந்தி வருவதை 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. இரவில் அந்த மலையின் எலி ஒன்று வந்து அதே வேலையைச் செய்கிறது. செடியே கழிப்பறையாக நிற்கும் இந்தக் கதையை வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் சொல்லாதவர் நம்மில் யார்? பூவைப் பற்றி அவர்களும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

அடுத்த முறை எந்த நெப்பந்திஸ் பூத்தாலும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒரு பூவைப் பாருங்கள். நாம் பழகிய பூக்களைப் போல அகன்ற இதழ்கள் இருக்காது. நான்கு சிறு மடல்கள்தான். ராஜாவில் அவை பழுப்பு கலந்த மஞ்சள், ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டரைத் தாண்டாது. மடல்களின் மேற்பரப்பு முழுக்கத் தேன் சுரப்பிகள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஈரம் பளபளக்கும். நடுவில் ஒரு குட்டித் தூணும் அதன் தலையில் மஞ்சள் உருண்டையும் இருந்தால் அது ஆண். அந்த உருண்டை மகரந்தப் பைகளின் கூட்டம், வெடித்த பிறகு தொட்டால் விரலில் மாவாக ஒட்டும். தூண் இருக்கவேண்டிய இடத்தில் பச்சையாகப் பருத்த சூலகமும், அதன் உச்சியில் தட்டையாக ஒட்டிக்கொண்ட சூல்முடியும் இருந்தால் அது பெண். பூந்தண்டின் அடியிலிருந்து மேல்நோக்கி வரிசையாக மலரும். மொட்டாக இருக்கும்போதே வெட்டி எறிந்தால் இதில் எதையும் பார்க்க முடியாது.

ஒரு செடியில் ஆண் பூ மட்டும், அல்லது பெண் பூ மட்டும். நெப்பந்திஸ் பேரினத்தில் 160க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, எல்லாமே இப்படித்தான். நம் ஊர்ப் பனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்பனை, பெண்பனை என்று தனித்தனி. பாளை விடும்வரை எது எதுவென்று தெரியாது. ஒரே ஒரு பனையை நட்டுவிட்டு நுங்கு எதிர்பார்க்கிற ஆள் ஊரில் யாரும் கிடையாது. நாம் ஒரே ஒரு ராஜாவைத் தொட்டியில் வைத்துக்கொண்டு இனத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறோம்.

இப்போது மலைக்குப் போவோம். ராஜா இயற்கையில் வாழ்வது மலேசியாவின் சபாவில் கினபாலு, தம்புயுக்கோன் என்னும் இரண்டு மலைகளில் மட்டும். 1,500 முதல் 2,650 மீட்டர்வரை உயரம். நிக்கலும் குரோமியமும் மிகுந்து, சத்து குறைந்து, மற்றச் செடிகள் திணறும் மண். நீர் கசியும் சரிவுகளில் திட்டுத் திட்டாக நிற்கும். 1858இல் ஹியூ லோ அதைச் சேகரித்தார், 1859இல் தாவரவியலாளர் ஹூக்கர் பெயர் வைத்தார், சரவாக்கின் ராஜாவாக இருந்த ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக. அன்று தொடங்கிய ஆசை இன்றுவரை அந்தச் செடியை விடவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1981 முதல் இருக்கிறது.

இந்தச் செடிக்கு ஒரு பிள்ளை பிறக்க என்னென்ன கூடிவர வேண்டும் என்று பாருங்கள். ராஜாவுக்குக் குறிப்பிட்ட பூக்கும் பருவம் என்று ஒன்று இல்லை, ஆண்டின் எந்த மாதத்திலும் பூக்கலாம். கேட்க வசதியாக இருக்கிறது. ஆனால் ஒரு சரிவில் பெரிய செடிகள் நான்கைந்துதான் என்றால், அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே வாரத்தில் பூக்க வேண்டுமே! பூத்தாலும் இரண்டும் ஒரு பூச்சி பறந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். நெப்பந்திஸ் பூக்களுக்கு வருபவை பெரும்பாலும் ஈக்களும் அந்துப்பூச்சிகளும். சுமத்ராவில் நெப்பந்திஸ் கிராசிலிஸைக் கவனித்தவர்கள் பகலில் ஈக்களையும் இரவில் அந்துப்பூச்சிகளையும் அதில் கண்டார்கள். தேனுக்கு வரும் அந்தப் பூச்சியே குடுவையில் விழுந்து செத்தால் காரியம் கெட்டது. ராஜாவின் பெரிய குடுவைகள் தரையில் சாய்ந்து கிடக்க, பூந்தண்டு மட்டும் 80 சென்டிமீட்டர், சில நேரம் 120 சென்டிமீட்டர்வரை நிமிர்ந்து நிற்பதில் அந்தச் சிக்கலுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்பது என் ஊகம். சமையலறையையும் கல்யாண மண்டபத்தையும் அது தள்ளித் தள்ளி வைத்திருக்கிறது.

மகரந்தம் சேர்ந்தால் செம்பழுப்பு நிறத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளக் காய்கள் உருவாகும். முற்றியதும் நான்காகப் பிளக்கும். உள்ளே விதைகள் நூலிழை மாதிரி இருக்கும், நடுவில் மட்டும் சிறு புடைப்பு, இரு புறமும் வால். ஊதினால் பறக்கும். காற்று கொண்டுபோய் எங்கே போடுகிறதோ அங்கே ஈரமும் வெளிச்சமும் இருந்தால் முளைக்கும், இல்லாவிட்டால் இல்லை. காற்றில் பறக்கும் விதை என்றாலும் அது அக்கம்பக்கத்து மலைகளில் குடியேறவில்லை என்பதை அந்த இரண்டு மலைக் கணக்கே காட்டுகிறது. முளைத்தது பூக்கும் அளவுக்கு வளர, வளர்ப்பில் எல்லாம் கச்சிதமாக அமைந்தாலும் பத்தாண்டுக்கு அருகில் ஆகும். மலையில் அதற்கு மேல்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் அந்தச் சரிவிலிருந்து ஒரு பெரிய செடியைத் தோண்டி எடுப்பதை நினைத்துப் பாருங்கள். தோண்டுபவர் கண்ணுக்குப் படுவது பெரிய செடி, பூக்கும் வயதுச் செடி. அது அந்தப் பக்கத்தின் ஒரே பெண்ணாக இருந்தால், மிச்சம் நிற்கும் ஆண்கள் எத்தனை பூத்தும் பலனில்லை. கணக்கெடுப்பில் ஒன்றுதான் குறைந்திருக்கும், வம்சத்தில் குறைந்தது எவ்வளவு என்று பின்னால்தான் தெரியும். நெப்பந்திஸ் இனங்கள் பலவற்றில் பூத்து நிற்கும் செடிகளை எண்ணும்போது ஆண்களே அதிகம் தென்படுவதாகப் பதிவுகள் உண்டு. காய் சுமக்கும் செலவு பெண்ணுக்குத்தானே, அது அடிக்கடி பூக்காமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. தோண்டல் போதாதென்று இயற்கையும் தன் பங்குக்கு அடிக்கிறது. 2015 ஜூன் நிலநடுக்கம் சிங்கப்பூரர் யாருக்கும் மறக்காது, கினபாலு மலையில் நம் பள்ளிப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் பறிகொடுத்தோம். ராஜாவைப் பார்க்க மக்கள் போய்வந்த மெசிலாவ் பக்கமும் அப்போது சரிந்து, அந்தப் பாதை மூடப்பட்டது.

சரி, மலையில் நடப்பதற்கும் நம் வீட்டுத் தொட்டிக்கும் என்ன தொடர்பு?

நம்மிடம் இருக்கும் ராஜாக்களில் அநேகமாக எல்லாமே திசு வளர்ப்பில் வந்தவை. அதில் எனக்கு மனக்குறை இல்லை, மகிழ்ச்சிதான். கண்ணாடிக் குப்பியில் ஆயிரக்கணக்கில் வளர்க்க முடிந்த பிறகுதான் விலை இறங்கியது. விலை இறங்கியதால் மலையில் தோண்டுவதற்கான காரணமும் குறைந்தது. ஆனால் ஒரு விதையிலிருந்து குப்பியில் பெருக்கிய செடிகள் அத்தனையும் ஒரே செடியின் நகல், அதாவது ஒரே குளோன். ஒன்று ஆண் என்றால் எல்லாம் ஆண். ஈசூனில் ஒருவரிடமும் தெம்பனிசில் ஒருவரிடமும் ஜூரோங்கில் ஒருவரிடமும் ராஜா இருக்கிறது, மூன்று செடி என்று எண்ணுகிறோம். ஒரே விற்பனையாளரிடம் ஒரே குளோன் வாங்கியிருந்தால் மூன்றும் சேர்ந்து ஒன்றுதான். தீவு முழுக்க ராஜா இருந்தும் ஒரு விதைகூட விழாத நிலை அப்படி வரும். அது எந்த அளவுக்கு உண்மை என்று நமக்கே தெரியாது, ஏனென்றால் பூத்ததையெல்லாம் பார்க்காமல் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் கெலாம் என்று ஒரு பாறை மலை உண்டு. நெப்பந்திஸ் கிளிப்பியாட்டா அந்த ஒரு மலையில் மட்டும் இருக்கிறது, செங்குத்துப் பாறை இடுக்குகளில். 1894இல் ஹாலியர் சேகரித்தார், 1928இல் டான்சர் விவரித்தார். சேகரிப்போர் ஏறி ஏறிப் பிடுங்கியதிலும் தீயிலும் இன்று மிக மோசமான ஆபத்து நிலையில் இருக்கிறது. வளர்ப்பில் உள்ள செடிகள் சில குளோன்களின் வழி வந்தவை. அசல் கிளிப்பியாட்டா விதை உண்டாக்க ஆணும் பெண்ணுமாக ஒரே நேரத்தில் பூக்கும் ஜோடி தேடுவது வளர்ப்போருக்குப் பெரும்பாடு. அதன் கலப்பினங்களோ கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. ராஜாவுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. வரவிடுவதும் விடாததும் நம் கையில் முழுக்க இல்லை என்றாலும், கொஞ்சம் இருக்கிறது.

கலப்பினம் என்றதும் சிலர் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். நெப்பந்திஸ் இனங்கள் ஒன்றோடொன்று எளிதாகச் சேரும், பிறக்கும் கலப்பும் மலடாக இருப்பதில்லை. கினபாலுவிலேயே ராஜா பர்பிட்ஜியேயோடு சேர்ந்து அலிசபுத்ரானாவும், வில்லோசாவோடு சேர்ந்து கினபாலுவென்சிஸும் வந்திருக்கின்றன. சிங்கப்பூர்க் காட்டிலும் அதே கதைதான்: ஆம்புலாரியா, கிராசிலிஸ், ரஃப்லேசியானா மூன்றும் இந்த மண்ணின் செடிகள், ஆம்புலாரியாவும் ரஃப்லேசியானாவும் சேர்ந்தது ஹுக்கரியானா. அந்த ரஃப்லேசியானாவைத் தாவரவியலாளர் வில்லியம் ஜாக் 1819இல் இங்கேதான் கண்டெடுத்தார், ராஃபிள்ஸ் வந்திறங்கிய அதே ஆண்டு. என் தாழ்வாரத்தில் தொங்குவதும் கலப்பினம்தான், வெயிலும் மழையும் தாங்கும், கேள்வி கேட்காது. எனக்கு அதன்மேல் பாசம் உண்டு. ஆனால் ஆண் ராஜா பூத்தவுடன் அதன் மகரந்தத்தை எடுத்து, அன்று வீட்டில் எந்தப் பெண் பூத்திருக்கிறதோ அதன் தலையில் தடவி, பிறந்ததற்கு நீளமாகப் பெயர் வைத்து விற்பதைப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள். அது பொழுதுபோக்கு. செய்யுங்கள், ரசியுங்கள். ஆனால் அந்த மகரந்தத்தில் ஒரு பங்கையாவது இன்னொரு ராஜாவுக்கு எடுத்து வையுங்கள்.

வெட்டுவதற்குச் சொல்லும் காரணங்களை நான் தள்ளிவிடவில்லை. பூக்கும் செடி குடுவையைச் சுருக்கிக்கொள்ளும், உண்மை. காய் பிடித்த பெண் செடி பல மாதம் மந்தமாக இருக்கும், அதுவும் உண்மை. மூடிய அறைக்குள் சில இனங்களின் பூ வாடை சகிக்காது. ராஜாவின் பூ சர்க்கரை போல மணக்கும் என்று எழுதியிருக்கிறார்கள், மற்றவற்றுக்கு அந்த நற்சான்றிதழ் கிடையாது. நம் ஊர் இரவு வெப்பத்தில் மலைச் செடியைக் காப்பாற்ற இரவெல்லாம் குளிரூட்டியை ஓடவிட்டு மின்கட்டணம் கட்டுகிறவருக்கு, செடி இளைத்தால் வயிறு எரியும். எல்லாம் சரி. நான் கேட்பது வெட்டாதே என்பதே இல்லை. முதல் சில பூக்கள் விரியும்வரை பொறுங்கள். பார்த்து எழுதி வையுங்கள். ஆணாக இருந்தால் மகரந்தம் எடுங்கள். அப்புறம் வெட்டுங்கள், நானே கத்தரிக்கோல் தருகிறேன்.

மகரந்தம் எடுப்பது பெரிய வித்தை இல்லை. மஞ்சள் உருண்டை வெடித்துத் தூள் உதிரும் நாளில், வழவழப்பான ஒரு தாளை மடித்துப் பூவின் கீழே பிடித்து மெல்லத் தட்டினால் விழும். அல்லது அந்த ஆண் பூக்களையே கிள்ளித் தாளில் போட்டுக்கொள்ளலாம். ஈரம்தான் எதிரி. காலணிப் பெட்டியில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதோடு ஒரு மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்துக் காயவிட்டு, பிறகு சின்னக் குழாயில் அடைத்து, பெயரும் தேதியும் எழுதி உறைபெட்டியில் வையுங்கள். மீன் பைக்கு மேல் வைத்தால் வீட்டில் கேள்வி வரும், முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாளாக ஆக அதன் வீரியம் குறையும், ஆனாலும் சில மாதம் பழைய மகரந்தத்தில் காய் பிடித்ததாகச் சொல்லும் வளர்ப்போர் உண்டு. ஆணும் பெண்ணும் ஒரே வாரத்தில் பூக்க வேண்டும் என்ற மலையின் கட்டாயத்தை உறைபெட்டி தளர்த்துகிறது. நம்மிடம் இருக்கும் ஒரே வசதி அதுதான்.

பெண் பூத்தால் சூல்முடி ஈரமாகப் பளபளக்கும் நாட்களில் மென்மையான தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். அடியிலிருந்து மேலே மலர்வதால் ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று முறை திரும்பப் போக வேண்டும். செடி ஏற்கெனவே இளைத்திருந்தால் எல்லாப் பூவிலும் காய் பிடிக்க விடாதீர்கள். கீழே நான்கைந்து போதும், மேலே உள்ளதைக் கிள்ளிவிடலாம். விதை விழுந்ததும் உடனே விதைத்துவிட வேண்டும், வைத்திருந்தால் முளைப்பு சீக்கிரம் போய்விடும். கூடுதலாக இருந்தால் குழுவில் பகிர்ந்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட எளிதான வேலை பெயர்ச்சீட்டு எழுதுவது. ஆனால் அதில்தான் நாம் மகா சோம்பேறிகள். செடி கை மாறும்போது சீட்டு தொலைகிறது, அப்புறம் “ஏதோ மலை நெப்பந்திஸ்” என்று ஆகிவிடுகிறது. இனத்தின் பெயர், யாரிடம் வாங்கியது, குளோன் எண் இருந்தால் அது, மூல விதை எந்த மலையின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று விற்பவர் சொல்லியிருந்தால் அது, பூத்தால் ஆணா பெண்ணா என்பது, பூத்த தேதி. மை அழியும், பென்சிலால் எழுதுங்கள். ஊர் தெரியாத செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் இனப்பெருக்கத் திட்டம் எதற்கும் உதவாது.

பூக்கும்வரை காத்திருக்க வேண்டாத வழியும் இப்போது திறந்திருக்கிறது. நெப்பந்திஸில் பாலினத்தைத் தீர்மானிப்பது நமக்கு இருப்பது போன்ற எக்ஸ்-ஒய் நிறப்புரிகள்தான் என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. வேறு வேறு நெப்பந்திஸ் இனங்களிலும் ஆண் செடிகளில் மட்டும் காணப்படும் மரபணுப் பகுதி ஒன்றை அவர்கள் அடையாளம் கண்டார்கள். ஆக, ஓர் இலைத் துண்டை ஆய்வகத்தில் சோதித்தால் நாற்றாக இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று சொல்ல முடியும். பயோபோலிஸ் ஆய்வு வளாகத்திலும் பல்கலைக்கழகங்களிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் சிலர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். ஓய்வு நேரத்தில் சும்மா செய்து தரும் காரியம் இல்லை என்று தெரியும். மாணவர் யாராவது திட்டப்பணிக்குத் தலைப்பு தேடினால் இதைச் சொல்லிப் பாருங்கள், இலை கொடுக்க நாங்கள் தயார்.

வாங்குவது பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரிந்ததுதான். வேர் அறுந்து, பழைய இலைகள் கிழிந்து, குடுவையெல்லாம் காய்ந்து, தண்டு மட்டும் தடித்து வரும் “பெரிய செடி, மலிவு விலை” பெரும்பாலும் மலையில் பிடுங்கியது. கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு போகும்போது சாலையோரத்தில் யாராவது அப்படி நீட்டினால் வாங்காதீர்கள், பாவம் பார்த்துகூட வாங்காதீர்கள். நெப்பந்திஸ் எல்லாமே சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால் பெட்டியில் சுருட்டி எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம், ராஜாவும் மேகாலயாவின் காசியானாவும் முதல் பட்டியலில் இருப்பதால் இன்னும் கடுமை. விடுமுறைக்கு ஊருக்குப் போய்வரும்போது ஒரு காசியானா நாற்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவரலாமா என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில். இங்கே காட்டிலும் பூங்காவிலும் உள்ள நம் மூன்று இனங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். பூத்திருந்தால் ஆணா பெண்ணா என்று பாருங்கள், படம் எடுங்கள், கை வைக்காதீர்கள்.

எனக்கு வேண்டியது ஒரு பட்டியல். நம் குழுவில் யார் யாரிடம் எந்த மலை இனம் இருக்கிறது, எந்தக் குளோன், இதுவரை பூத்ததா, ஆணா, பெண்ணா, உறைபெட்டியில் மகரந்தம் உண்டா. வீட்டு முகவரி வேண்டாம், விலையும் வேண்டாம். விரிதாள் ஒன்றைத் திறந்து நிர்வாகிகள் இருவரிடம் கொடுத்துவிடலாம். தாவரவியல் பூங்காவில் 2019 முதல் விதை வங்கி இயங்குகிறது. ஒருநாள் அவர்களோ வேறு பூங்காவோ “உங்களிடம் என்ன இருக்கிறது?” என்று கேட்டால், நீட்டுவதற்கு நம்மிடம் குடுவைப் படங்கள் மட்டும் இருக்கக்கூடாது. யாரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, நமக்குள்ளேயே ஒரு தலைமுறை விதைக்கு அது போதும்.

கடைசியாக ஒன்று. என்னிடம் இருக்கும் மக்ஃபார்லேனி, தீபகற்ப மலேசிய மலைகளுக்கே உரிய அந்த இனம், பெண். இப்போது தண்டு விட்டு மொட்டு கட்டியிருக்கிறது, கீழ்ப் பூக்கள் விரியத் தொடங்கிவிட்டன. உங்களில் யாரிடமாவது ஆண் மக்ஃபார்லேனி பூத்திருந்தாலோ, மகரந்தம் எடுத்து வைத்திருந்தாலோ, இந்த வாரத்துக்குள் குழுவில் சொல்லுங்கள். எந்த எம்ஆர்டி நிலையமாக இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து உங்கள் குழு உறுப்பினர் ஒருவர்